கல்லுக்குக் கிழக்கும் மேற்கும்

எங்கள் தறிக்குழியில் அந்த வருஷம் பூனை குட்டி போட்டிருந்தது. தறி ஓடுகிற வீடாக இருந்தால் பூனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குமா? யுத்தம் முடிந்துவிட்டது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூல் மட்டும் வந்தபாடில்லை. பாளையம்பட்டியில் எங்கள் தெருவில் நாற்பது தறிக்குக் குறையாது. அதில் நாலு தறிச் சத்தம் கேட்டால் அன்றைக்கு நல்ல நாள். மற்ற வீடுகளில் ஆண்கள் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நீளவாட்டில் பூட்டுகிற பாவு நூல் இல்லாத வெறுந்தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசியைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

திருச்சுழி போகிற பாதையில் ஒரு ஊர்க் கண்மாய், கரை உடைந்து இரண்டு வருஷமாகக் கிடந்தது. மழைக்கு முன்னால் அந்த உடைப்பை அடைக்க சர்க்கார் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எங்கள் பெரியதனக்காரரிடம் போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பங்கள் நாங்கள். எங்களுக்குள் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும்.

"நூலைத் தொட்ட கை மண்ணத் தொடுமா?" என்றார்.

"சோத்தத் தொடணும்ல மாமா," என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆண்களுக்குப் பெயர் கொடுக்கக் கூச்சம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். வீடு வீடாகப் போய் நானே பெயர் எழுதி ஓவர்சியரிடம் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த பாவத்துக்கு என்னையே எங்கள் ஆட்களுக்குக் கங்காணியாக்கினார் அவர். கண்மாய்க்குப் பக்கத்துப் பனந்தோப்பில் ஓலைக் குடிசை போட்டு, குடும்பம் குடும்பமாகத் தங்கினோம். பெரியதனக்காரரும் வந்தார். மண் சுமக்க இல்லை, எங்களைக் கண்காணிக்க.

வேலைக்கு இன்னொரு கூட்டமும் இருந்தது. கரைக்குக் கீழேயே இருந்த ஊரில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். கண்மாய்த் தண்ணீரில்தான் அவர்கள் நெல்லும் மிளகாயும். அவர்களுக்குக் கங்காணி, நரைத்த மீசை வைத்த ஒரு சம்சாரி. கை கால் எல்லாம் வெடிப்பு, குரல் மட்டும் வெண்கலம். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னைத் தாயி என்பார், கோபம் வந்தாலும் தாயிதான்.

முதல் இரண்டு வாரம் ஓவர்சியர் இரு கூட்டத்தையும் கலந்துவிட்டார். அவர்கள் வெட்ட, நாங்கள் சுமக்க. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலைவலி வரும். நாங்கள் கோழி கூவ எழுந்து வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கிறவர்கள். அவர்கள் மாடு கன்றைப் பார்த்துவிட்டு, கூழ் குடித்துவிட்டு நிதானமாக வந்து, பொழுது சாயும்வரை நிற்கிறவர்கள். காலையில் எங்கள் கூடைக்கு மண் இல்லை. சாயங்காலம் அவர்கள் வெட்டின மண்ணுக்குக் கூடை இல்லை.

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். பேச்சுதான் பெரிய வினையாக இருந்தது. சம்சாரிக்கு எதையும் தூரத்தில் நின்று சத்தம் போட்டுத்தான் சொல்லத் தெரியும். "ஏலே, அங்கிட்டுப் போடு" என்று ஒருவர் கத்தினால் எங்கள் ஆண்களுக்கு முகம் சுண்டிவிடும். எங்கள் தெருவில் அடுத்தவன் தறியில் இழை அறுந்திருப்பதைப் பார்த்தாலும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நகர்ந்துவிடுவோம். அது எங்களுக்கு மரியாதை. அவர்களுக்கோ அது திமிராகப் பட்டது. "ஒங்க ஆம்பளைக கூடை தூக்குறதப் பாத்தா சீர்வரிசைத் தட்டு தூக்குறாப்ல இருக்குத்தா" என்று அந்த ஊர்ப் பெண்கள் என்னிடமே சொல்லிச் சிரித்தார்கள். பொய் என்று சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் அப்படித்தான் தூக்கினார்.

மூன்றாம் வாரம் இரண்டு பக்கமும் கைகலப்பு வரை போனபோது ஓவர்சியர் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கட்டவேண்டிய நீளத்தின் நட்டநடுவில், இரண்டு பக்கத்துக்கும் தெரியும்படி இடுப்புயரக் கல்லை ஊன்றினார்.

"கல்லுக்குக் கிழக்க நெசவாளி. மேக்க சம்சாரி. எந்தப் பக்கம் ஒடைஞ்சாலும் அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு அடுத்த கண்மாய்ல வேலை கிடையாது."

அடுத்த கண்மாய் மல்லாங்கிணற்றுப் பக்கம் இருந்தது. நூல் எப்போது வரும் என்று தெரியாத எங்களுக்கு, அந்த வேலை கிடைத்தால் தை மாதம் வரை கஞ்சி; கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போகவேண்டியதுதான். சம்சாரிகளுக்கும் அதே கதை. மழை பெய்து, நெல் விளைந்து கைக்கு வரும்வரை அவர்களும் எதைத் தின்பார்கள்?

கல் ஊன்றிய பிறகு வேலை பறந்தது. அதை மறுக்க மாட்டேன். அவரவர் வழக்கப்படி அவரவர் செய்தோம். நாங்கள் ஒரு சாண் மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, வரிசையாக நின்று காலால் மிதித்தோம். பிறந்ததிலிருந்து தறியின் மிதிகட்டையை மிதித்த கால்கள் அல்லவா, அதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. அவர்கள் தங்கள் பக்கத்தில் செம்மறியாட்டுக் கிடையை ஓட்டிவந்து, போட்ட மண்மேல் மேலும் கீழும் நடத்தினார்கள். நூறு ஆட்டுக் குளம்பு பட்டால் கரிசல் மண் கல்லாகிவிடும். மேற்கிலிருந்து ஓடிவரும் ஆடுகளைக் கல்லுக்கு முன்னாலேயே மறித்துத் திருப்பி மறுபடி மேற்கே ஓட்டுவார்கள். இப்படி ஆறு வாரம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓய்வு. அமாவாசையன்று நாங்கள் ஓய்வு. இரண்டு முனையிலும் இரண்டு தண்ணீர்ப் பானை. எங்கள் பானையை அவர்கள் தொடவில்லை, அவர்கள் பானைப் பக்கம் நாங்கள் போகவில்லை. சண்டையில்லாமல் கரை உயர்ந்தது. ஓவர்சியர் வரும்போதெல்லாம் கல்லையும் பிடுங்கி உயரே ஊன்றி, தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்.

உச்சி வரிசை மட்டும் பாக்கி இருக்கும்போது மழை தொடங்கிவிட்டது. வெள்ளியும் சனியும் விடாமல் கொட்டியது. கண்மாயில் தண்ணீரைப் பார்த்து இரண்டு வருஷமான ஊர். குஞ்சு குளுவான்கூட நனைந்துகொண்டு கரையில் நின்றது. கரையின் வெளிப்பக்கம் ஈரம் பூத்திருப்பதைப் பார்த்து நான் பயந்தேன். அண்ணாச்சி சிரித்தார்.

"புதுக்கரை வேர்க்கும் தாயி. தெளிஞ்ச தண்ணி வந்தா ஒண்ணுமில்ல. கலங்கி வந்தாத்தான் கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை மழை வெறித்தது. அன்றைக்கு அமாவாசையும்கூட. அவர்கள் ஊரில் ஜெபக்கூடம்; எங்கள் தோப்பில் முன்னோருக்குப் படையல். வேலை தொடங்கிய நாளிலிருந்து கரையில் ஒரு ஈ காக்கை இல்லாத பகல் அது ஒன்றுதான். நான் படையலுக்கு அரைத்த அம்மியைக் கழுவிவைத்துவிட்டு, தண்ணீர் பார்க்க ஆசைப்பட்டுக் கரைக்குப் போனேன்.

கல்லுக்கு நேரே, வெளிச்சரிவில், விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல். கறுப்பாக, மண்ணோடு வந்தது.

ஒழுகின இடம் கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி. மேற்கே.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். என் மனசு முதலில் சந்தோஷப்பட்டது. மேற்கு அவர்கள் பக்கம். உடைந்தால் போவது அவர்கள் வேலை. பேசாமல் தோப்புக்குத் திரும்பிப் படையல் சோற்றைச் சாப்பிட்டால், யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. அப்படியே திரும்பி நாலு எட்டு வைத்தும்விட்டேன். கீழே அந்த ஊர்க் கூரைகள் தெரிந்தன. ஜெபக்கூடத்திலிருந்து பாட்டுக் கேட்டது.

திரும்பி வந்து கல்லடியில் கையை நுழைத்தேன். மண் முழங்கைவரை உள்ளே விட்டது. மேலே பார்க்க வழவழவென்று இருக்கிறது, உள்ளே வெறும் பொலபொலப்பு. கல்லின் கிழக்கே நுழைத்தேன். அங்கேயும் அதே கதைதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழக்கே அதை அப்படி விடச் சொன்னவளே நான்.

ஒரு பாவு நெய்து முடியும்போது எந்த நெசவாளியும் கடைசிவரை நெய்ய மாட்டான். முனையில் ஒரு முழம் இழையை நெய்யாமல் விடுவான். அடுத்த பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க அந்த வெற்றிழை வேண்டும். இறுக்கி நெய்துவிட்டால் பிணைக்க முடியாது. கரை கல்லை நெருங்கியபோது என் வீட்டுக்காரர் கேட்டார், "முனையை மிதிக்கவா, விடவா?" என்று. "விடுங்க, அவங்க வந்து சேத்துப் பிணைச்சுக்கிடுவாங்க" என்றேன். ஒவ்வொரு வரிசையிலும் முனையை மிதிக்காமல் தளர விட்டோம். அது அவர்களுக்கு நாங்கள் செய்கிற உபகாரம் என்று நினைத்தேன். போய்ச் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அதைப் போய்ச் சொல்வார்களா, வேலை தெரிந்த யாருக்கும் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

தோப்புக்கு ஓடினேன். பெரியதனக்காரர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அமாவாசையில கருவி தொடக்கூடாது. தெரியாதா உனக்கு?"

"தறியத் தொடக்கூடாதுன்னுதான் நம்ம பெரியவங்க சொன்னாங்க. மண்வெட்டியத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லல. அவங்க யாரும் மண்வெட்டியப் பாத்ததே இல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் சாமி கும்பிட்டுக்கிட்டிருக்கேன். யார் எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது."

வேறென்ன வேண்டும்? ஆட்களைக் கிளப்பிக் கரைக்குப் போகச் சொல்லிவிட்டு நான் ஊருக்குள் ஓடினேன். ஜெபக்கூட வாசலில் போய் நின்றேன். சேறும் ஈரப்புடவையுமாக, நெற்றியில் குங்குமத்தோடு ஒருத்தி வந்து நின்றதும் பாட்டு நின்றது. ஜெபம் நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கரை கலங்கி ஒழுகுது," என்றேன். "எங்க ஆளுக கரைக்குப் போயிட்டாக. எங்களுக்கு அடைக்கத் தெரியாது. நீங்க வரணும்."

ஒருவரும் அசையவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை விறகுகூட வெட்டாதவர்கள். எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"மிச்ச ஜெபத்தைக் கரையில வச்சு முடிச்சுக்கிடலாம்," என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முதலில் இறங்கினார்.

அண்ணாச்சி கரையில் படுத்து, கல்லடியில் கைவிட்டுப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. "இந்த இடத்த யாரு மிதிக்கல?" என்று கத்தினார். எங்கள் ஆண்கள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த மௌனத்தை விட்டுவைக்க எனக்குத் தெம்பில்லை.

"நான்தான் விடச் சொன்னேன் அண்ணாச்சி. நீங்க சேத்து முடிப்பீகன்னு நெனச்சு விட்டோம். தப்பு என் பேர்ல."

அவர் கையில் ஒட்டிய மண்ணை உதறினார். பிறகு குரல் இறங்கியது.

"நாங்களும் கல்லுக்கு நாலு முழம் இங்கிட்டே ஆட்டத் திருப்பிட்டோம் தாயி. அடுத்தவன் வரப்புல கால் வச்சா வெட்டுக்குத்து வரும்னு வளந்த ஆளுக நாங்க. நடுவுல நீங்க முடிச்சிருப்பீகன்னு மேல மண்ணத் தள்ளி மெழுகி விட்டோம்."

ஆக, எங்கள் உபகாரமும் அவர்கள் ஒழுக்கமும் சேர்ந்து நட்டநடுக் கரையில் ஒரு பொந்து கட்டியிருந்தன. சிரிக்கவேண்டிய விஷயம்தான். கலங்கல் தண்ணீர் இரண்டு விரல் தடிமனாகியிருந்தது.

அதன் பிறகு அண்ணாச்சி கத்தினார், நாங்கள் கேட்டோம். அவர் "ஏலே" என்றபோது என் வீட்டுக்காரர் ஓடினார். இருபது ஆண்கள் உட்பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வைக்கோலும் களிமண்ணும் குழைத்து உருண்டை உருண்டையாக, தண்ணீர் கரைக்குள் நுழைகிற வாயில் திணித்து மிதித்தார்கள். எங்கள் குடிசைக் கூரைகளைப் பிரித்து ஓலையைக் கொண்டுவந்து அதன்மேல் அமுக்கினோம். வெளிப்பக்கம் அவர்கள் பெண்கள் சரளையும் முள்ளும் போட்டு மண் ஓடாமல் தடுத்தார்கள். ஒழுக்கு மட்டுப்பட்டதும், மேலேயிருந்து அந்தத் தளர்ந்த மண்ணை வெட்டி எடுக்கச் சொன்னார் அண்ணாச்சி. கல்லை மட்டும் யாரும் தொடாமல் சுற்றியே வெட்டினார்கள்.

வெட்டின இடத்தை நேர்ச்சுவராக விட அவர்கள் போனபோது என் வீட்டுக்காரர், வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, எதிராளி முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார்.

"அப்பிடி நேரா வெட்டினா மறுபடி பிரியும். படி படியா வெட்டுங்க. ஒரு வரிசை மண்ணு எங்க பக்கம் நீளட்டும், அடுத்த வரிசை உங்க பக்கம் நீளட்டும். பாவு பிணைக்கிறது அப்பிடித்தான்."

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன நாளு வாய எங்க வச்சிருந்தீரு?" என்று கேட்டுவிட்டு, படி வெட்டச் சொன்னார்.

வரிசை வரிசையாக மண் விழுந்தது. நாங்கள் மிதித்தோம், எங்கள் காலுக்குப் பின்னால் ஆடு வரவேண்டும். கிடையை மேற்கிலிருந்து ஓட்டிவந்தார்கள். கல்லைக் கண்டதும் முன்னால் வந்த கிடா நின்றது, திரும்பியது, வந்த வழியே போனது. மொத்தக் கிடையும் அதன் பின்னால் போனது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி திரும்பியது. ஆறு வாரம் பழக்கிய பழக்கம், ஆட்டைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? மனுஷரே திரும்பிப் போனோமே.

எனக்கு வந்த கோபத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டினேன். எனக்கு அசையவில்லை. அந்தப் பக்கம் அண்ணாச்சி வந்து பிடித்தார். இருவருமாகப் பிடுங்கி, வெட்டின பள்ளத்துக்குள்ளேயே உருட்டிவிட்டோம். அதன்மேல் மண் போட்டோம். அடுத்த தடவை கிடா நிற்காமல் கிழக்கே போயிற்று.

பொழுது சாயுமுன் ஒழுக்கு தெளிந்து, பிறகு வெறும் வேர்வையானது. நடுவில் யாரோ தண்ணீர்ப் பானை கொண்டுவந்தார்கள். ஒரு பானைதான் வந்தது. யாருடையது என்று கேட்க எனக்கு நேரமில்லை, குடித்தேன். உபதேசியார் சேற்றில் நின்றபடியே மிச்ச ஜெபத்தை முடித்தார். அது முடியும்வரை நாங்களும் சும்மா நின்றோம். கூரையில்லாத குடிசைக்குத் திரும்பியபோது பெரியதனக்காரர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் இலையில் மட்டும் ஒரு வடை கூடுதலாக இருந்தது.

மறுநாள் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கரை ஒழுகிய செய்தி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. நடந்து நடுவுக்கு வந்து நின்றார்.

"கல்லு எங்க?"

காலால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கம் ஒழுகுச்சு? சொல்லுங்க. ரெண்டுல ஒரு பக்கத்து ஆள நான் நிறுத்தியாகணும்."

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சொல்லலாம், தப்பு என் பேரில் என்று நானே அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். நானும் சொல்லலாம், ஒழுகின இடம் மேற்கே என்பதை அவருடைய ஆட்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். எண்பது பேர் நின்ற இடத்தில் ஆடு செருமுவது மட்டும் கேட்டது. எங்கள் ஆட்களின் மௌனம் எனக்குப் பழக்கம். சம்சாரிகள் அப்படி வாயை மூடி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கல்லு கரைக்குள்ள கெடக்கு," என்றேன். "எந்தப் பக்கம்னு தெரியணும்னா கரைய வெட்டித்தான் பாக்கணும். வெட்டச் சொல்லுங்க, வெட்டுறோம்."

ஓவர்சியர் உட்பக்கம் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கரையில் முக்கால்வாசிக்கு நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்து, மல்லாங்கிணற்றுக் கண்மாய்க்கு எண்பது பேரையும் எழுதிக்கொண்டார். அங்கே அவர் கல் எதுவும் ஊன்றவில்லை.